டொலமைட் எப்போது, எவ்வளவு, எந்தப் பயிருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

மண் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு "இனி என்ன செய்வது?" என்று கேட்டு மலையகத்தின் பல பக்கமிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பி.எச். என்பது மண்ணின் அமில, கார நிலையைச் சொல்லும் எண், அது 7க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும். டொலமைட் அந்த அமிலத்தைத் தணிக்கும் கல் மா.

கேள்வி: லயத்துக்குப் பின்னால் 15 பேர்ச் காணி இருக்கிறது. முன்பு தேயிலை நின்ற இடம். இரண்டு போகமாக லீக்ஸும் கரட்டும் போடுகிறோம். கோழி எரு, யூரியா, டீ.எஸ்.பி. எல்லாம் போட்டும் லீக்ஸ் ஈர்க்கு மாதிரி நிற்கிறது, கரட் விரல் நீளம்கூட வரவில்லை. மண்ணைப் பரிசோதித்ததில் பி.எச். 4.3. எவ்வளவு டொலமைட் போட வேண்டும்?
வாசகி, தலவாக்கலை

பதில்: போட்ட பசளையில் குறையில்லை. அதை எடுக்க வேர்தான் இல்லை. ஒரு லீக்ஸை மண்வெட்டியால் அடிமண்ணோடு கிளப்பி, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேர் நுனிகள் தடித்து, மொட்டையாக, பழுப்பேறி, மெல்லிய பக்க வேர்களே இல்லாமல் இருந்தால் அது அலுமினியத்தின் வேலை. பி.எச். 5க்குக் கீழே போனால் களிமண்ணில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியம் கரைந்து வந்து வேர் நுனியைக் கருக்கிவிடும். அதே அலுமினியமும் இரும்பும்தான் நீங்கள் தூவிய டீ.எஸ்.பி.யில் இருக்கும் பொசுபரசைப் பிடித்துக் கட்டி வைக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய பசளை மண்ணில்தான் கிடக்கிறது, செடிக்கு மட்டும் கிடைப்பதில்லை.

4.3 என்பது தேயிலைக்கே சற்றுக் குறைவு. கரட்டுக்கு 5.5க்கு மேல் வேண்டும், லீக்ஸுக்கு 6க்கு மேல் வேண்டும். பி.எச். கணக்கில் ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும். 6.3க்கும் 4.3க்கும் இடையில் இருப்பது நூறு மடங்கு வித்தியாசம். ஆகவே ஒரே போகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்கப் பார்க்காதீர்கள்.

முதல் தவணையாக ஒரு பேர்ச்சுக்கு 5 கிலோ போடுங்கள். ஏக்கருக்கு 800 கிலோ, ஹெக்டயருக்கு ஏறத்தாழ 2 தொன் என்ற கணக்கு இது. உங்கள் 15 பேர்ச்சுக்கு 75 கிலோ, அதாவது 50 கிலோ மூடையில் ஒன்றரை. ஒரு பேர்ச் என்பது பதினாறரை அடிக்குப் பதினாறரை அடி. கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஐந்து கிலோவைப் பேசினில் நிறுத்துப் போட்டால்தான் காணி முழுவதும் சமமாக விழும். மூடையைத் தோளில் வைத்துக்கொண்டு கைவாக்கில் வீசினால், மூடை திறந்த இடத்தில் வெள்ளைப் படலமும் காணிக் கோடியில் வெறும் மண்ணும்தான் மிஞ்சும்.

தூவுகிற முறைதான் இதில் முக்கியம். டொலமைட் தண்ணீரில் கரைந்து கீழே இறங்குகிற சாமான் அல்ல, போட்ட இடத்திலேயே கிடக்கும். ஆகவே பாதியைத் தூவி ஆறு அங்குலம் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டுங்கள். மீதிப் பாதியைப் புரட்டிய மண்ணின் மேல் தூவி, முள்ளால் கிளறிக் கலந்துவிடுங்கள். கலக்காமல் மேலே விட்டால் முதல் அடைமழையிலேயே சரிவோடு ஓடிக் கீழ்க் காணிக்காரருக்குப் போய்ச் சேரும். பெருமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம். ஆனால் மண் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்த மண்ணில் டொலமைட் அப்படியே உறங்கும். முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

நடுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே இதை முடிக்க வேண்டும். முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஆறு மாதம் கழித்து மீண்டும் பரிசோதித்து, எண் 5.5ஐத் தொடாவிட்டால் இன்னொரு 5 கிலோ. நுவரெலியா பக்கத்துக் கறுத்த, மட்கு நிறைந்த மண் அமிலத்தை லேசில் விடாது. அதே 4.3 காட்டும் மணல் கலந்த செம்மண்ணைவிட அதற்கு டொலமைட் கூடுதலாகவே வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

இந்தப் போகம் லீக்ஸை விட்டுவிட்டு, அமிலத்தைத் தாங்கக்கூடிய உருளைக்கிழங்கையோ வற்றாளையையோ போடுங்கள். டீ.எஸ்.பி.யைப் பரவலாகத் தூவாமல் நடுகிற சாலில் மட்டும், மட்கிய எருவோடு கலந்து இடுங்கள். மண்ணோடு படுகிற பரப்பு குறையக் குறைய, மண் பிடித்துக்கொள்ளும் பொசுபரசும் குறையும்.

கேள்வி: ஒன்லைனில் இரண்டு கம்பி உள்ள பி.எச். மீட்டர் ஒன்று வாங்கினேன். எங்கே குத்தினாலும் 7 காட்டுகிறது. என் மண் நல்ல மண்தானா?
வாசகர், அப்புத்தளை

பதில்: மீட்டர்தான் சரியில்லை. அந்த வகைக் கருவி இரண்டு உலோகக் கம்பிகளுக்கு இடையே ஓடும் சிறு மின்னோட்டத்தைத்தான் அளக்கிறது. மண்ணின் ஈரமும் பசளை உப்பும் மாறினால் முள்ளும் மாறும். காய்ந்த மண்ணில் குத்தினால் 7ஐ விட்டு அசையவே அசையாது.

வீட்டில் பார்ப்பதென்றால், நிறம் மாறிக் காட்டும் பி.எச். தாளே நல்லது. 20 கிராம் காய்ந்த மண்ணுக்கு 50 மில்லிலீட்டர் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, நன்றாகக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் நீரில் தாளைத் தோய்க்க வேண்டும். பெட்டரிக்கு ஊற்ற விற்கும் வடித்த நீர் போதும். பெட்டரி அமிலப் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள், அப்படி நடந்ததும் உண்டு. செம்மண் நீரைச் சிவப்பாக்கும் என்பதால் தெளியாமல் தோய்த்தால் தாளின் நிறம் ஏமாற்றும். தாள் எப்படியும் அரை எண் முன்பின்னாகத்தான் காட்டும். காசு போட்டு டொலமைட் வாங்குமுன் ஒருமுறை ஆய்வுகூட அறிக்கை எடுப்பது நல்லது. மண்ணை எங்கே கொடுப்பது என்று உங்கள் கமநல சேவை நிலையத்திலோ பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ விசாரியுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் கேட்கலாம்.

மாதிரி எடுக்கும்போது காணியில் வளைந்து வளைந்து நடந்து 10, 15 இடத்தில் ஆறு அங்குலம் வரை சீவி எடுத்து, ஒரே வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ. எருக் குவியல் இருந்த இடம், வேலியோரம், சாம்பல் கொட்டிய மூலை ஆகியவற்றை விட்டுவிடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். சரிவில் படியாக வெட்டிய காணியென்றால் மேட்டுத் தட்டுக்கும் பள்ளத் தட்டுக்கும் தனித் தனி மாதிரி எடுங்கள். டொலமைட் போட்டு இரண்டு மாதம் ஆகாத மண்ணை எடுத்துப் பயனில்லை.

கேள்வி: கடையில் டொலமைட், சுட்ட சுண்ணாம்பு, நீறு (நீற்றிய சுண்ணாம்பு) என்று மூன்று வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது? கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகர், வெலிமடை

பதில்: மரக்கறிக் காணிக்கு டொலமைட்டே முதல் தெரிவு. கண்டி, மாத்தளைப் பக்கத்தில் வெட்டி எடுக்கும் கல்லை அரைத்த மா அது. அமிலத்தைத் தணிப்பதோடு கல்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துத் தருகிறது. மழை இரண்டையுமே கழுவிக்கொண்டு போய்விடுவதால் நம் மலை மண்ணுக்கு இரண்டும் தேவை. முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருக்க, நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால் அது பெரும்பாலும் மக்னீசியக் குறை.

சுட்ட சுண்ணாம்பும் நீறும் வேகமானவை, வலுவானவை. 5 கிலோ டொலமைட் செய்கிற வேலையை ஏறக்குறைய 4 கிலோ நீறும், 3 கிலோ சுட்ட சுண்ணாம்பும் செய்துவிடும். அளவு தவறினால் பயிர் கருகும், தோலும் கண்ணும் எரியும். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு இரண்டு வழி. ஒரு சிட்டிகையை விரலிடையே தேய்த்தால் கோதுமை மா போல வழுக்க வேண்டும். சீனி போல நறநறத்தால் அது பருமனான தூள், பல வருடம் மண்ணில் கல்லாகவே கிடக்கும். அடுத்தது, ஒரு கரண்டித் தூளில் சூடாக்கிய வினாகிரியை ஊற்றிப் பாருங்கள். டொலமைட் மெதுவாக நுரைக்கும், சுண்ணாம்புக்கல் மா உடனே பொங்கும். எதுவுமே நடக்காவிட்டால் கையில் இருப்பது வெறும் கருங்கல் தூசு.

கேள்வி: வேலை மிச்சமென்று டொலமைட்டையும் புதுக் கோழி எருவையும் ஒன்றாகக் கலந்து போட்டோம். கண் எரிகிற அளவுக்கு நாற்றம். ஏன்?
வாசகர், வலப்பனை

பதில்: நீங்கள் முகர்ந்தது எருவிலிருந்த நைதரசன். சுண்ணாம்புத் தன்மை பட்டதும் அது அமோனியா வாயுவாகிப் பறந்துவிடுகிறது. நீறாக இருந்தால் இதைவிட மோசம். டொலமைட்டுக்குப் பிறகு எருவுக்கும் யூரியாவுக்கும் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். டீ.எஸ்.பி.யையும் டொலமைட்டோடு கலந்து வைக்கக் கூடாது.

கேள்வி: போன வருடம் காணிக்கு நன்றாக டொலமைட் போட்டு உருளைக்கிழங்கு நட்டோம். விளைச்சல் வந்தது, ஆனால் கிழங்கு முழுக்கச் சொறி. வியாபாரி பாதி விலைதான் தந்தார். டொலமைட் கெட்டதா?
வாசகர், நுவரெலியா

பதில்: டொலமைட் நல்லதுதான், போட்ட நேரம்தான் பிழை. கிழங்குத் தோலில் தக்கை போல் எழும்பி வெடித்த சொறி என்றால், அதை உண்டாக்கும் நுண்ணுயிருக்கு அமிலம் ஆகாது. பி.எச். 5.2க்குக் கீழே அது அடங்கிக் கிடக்கும், 5.5ஐத் தாண்டினால் தலை தூக்கும். உருளைக்கிழங்கோ 5 முதல் 5.5 வரையில் தாராளமாக விளையும். ஆக, தலவாக்கலை வாசகியின் 4.3 போலக் கடும் அமில மண்ணாக இல்லாவிட்டால், கிழங்குக்கு முன் டொலமைட் போடுவது நோய்க்குப் பாய் விரித்துக் கொடுப்பது மாதிரி.

பயிர்ச் சுழற்சியை இப்படி அமையுங்கள். கிழங்கு கிண்டி எடுத்த கையோடு டொலமைட். அடுத்து வருவது கோவா, லீக்ஸ், பீட்ரூட் போல 6க்கு மேல் கேட்கும் பயிர். அதற்கடுத்து போஞ்சி, பிறகு கரட். இந்தப் போகங்களில் மழையும் யூரியாவும் சேர்ந்து பி.எச்.சை மெல்ல இறக்கிவிடும். மறுபடி கிழங்கு நடும் வேளையில் மண் 5.3, 5.4 அளவுக்கு வந்திருந்தால் அதுதான் வேண்டியது. கிழங்குக்குக் கிழங்கு இப்படி இடைவெளி விட்டால் பக்டீரியா வாடலும் குறையும். ஆனால் அந்த இடைவெளியில் தக்காளி, மிளகாய், கத்தரி போட்டால் அந்தப் பலன் கிடையாது, அவையும் அதே குடும்பம்.

கிழங்குப் போகத்தில் நைதரசனை அமோனியம் சல்பேட்டாகக் கொடுப்பது இங்கே கைகொடுக்கும். அது மண்ணை அமிலமாக்கும் பசளை. ஒரு கிலோ நைதரசனை அதன் மூலம் கொடுத்தால், அந்த அமிலத்தைச் சரிக்கட்ட ஐந்து கிலோவுக்கு மேல் சுண்ணாம்புக்கல் மா வேண்டும். யூரியாவில் கொடுத்தால் சுமார் இரண்டு கிலோ போதும். மற்றப் போகங்களில் அமோனியம் சல்பேட்டை ஏன் தவிர்க்கச் சொல்கிறோம் என்பதற்கும் இதே கணக்குதான் பதில்.

இன்னொன்று: கிழங்கு பிடிக்கத் தொடங்கும் நான்கு, ஐந்து வாரமும் மண்ணைக் காயவிடக் கூடாது. அந்த நேரத்து வறட்சிதான் சொறிக்கு வாசலைத் திறக்கிறது. ஊவாப் பக்கத்தில் யூன் முதல் வறண்ட காலம் தொடங்குவதால் அங்கே நடுகிறவர்கள் இதில் கூடுதல் கவனம் வையுங்கள். சொறி பிடித்த கிழங்கை விதைக்கு எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: கோவா மதியத்தில் வாடி, மாலையில் நிமிர்கிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சி மாதிரி வீங்கியிருக்கிறது. சுண்ணாம்பு போட்டால் சரியாகுமா?
வாசகர், இராகலை

பதில்: வேர் வீக்க நோய். அமில மண்ணும் நீர் தேங்குவதும் இதற்குப் பிடித்தமானவை. சுண்ணாம்பு அடக்கும், அழிக்காது. இதன் வித்திகள் பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கக்கூடியவை.

நோயை அடக்க பி.எச். 7ஐ ஒட்டி நிற்க வேண்டும். அதை ஒரே தடவையில் ஏற்றாதீர்கள். டொலமைட்டால் இரண்டு மூன்று போகத்தில் 6.5க்குக் கொண்டுவந்து, பின்பு கோவா நடுவதற்கு இரண்டு வாரம் முன் பேர்ச்சுக்கு 4 கிலோ நீறு தூவி ஆறு அங்குலம் கலந்துவிடுங்கள். குழியில் மட்டும் ஒரு பிடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேர் குழியைத் தாண்டியதும் அந்தக் காவல் முடிந்தது.

கோவா, நோக்கோல், முள்ளங்கி, கோலிபிளவர் எல்லாம் ஒரே குடும்பம். கோவாவுக்குப் பின் முள்ளங்கி போடுவதைச் சுழற்சி என்று சொல்ல முடியாது. வீங்கிய வேர்களைப் பிடுங்கிக் காணியிலேயே மட்கவிடாமல் அப்புறப்படுத்தி எரித்துவிடுங்கள், கூட்டெருவில் போடவே கூடாது. நோய் பெரும்பாலும் நாற்றோடும், மண்வெட்டி, சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடும்தான் வருகிறது. ஆகவே நாற்று எந்தக் காணியிலிருந்து வருகிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள். இந்தக் காணியில் அடுத்து உருளைக்கிழங்கு போட நினைத்தால் மேலே நுவரெலியா வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள். 7ஐத் தொட்ட மண்ணில் கிழங்கு சொறியில்லாமல் வராது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு தட்டைக் கோவாவுக்கும் இன்னொன்றைக் கிழங்குக்கும் ஒதுக்குவதுதான் எங்கள் யோசனை.

கேள்வி: முக்கால் ஏக்கர் தேயிலை. பி.எச். 4.1. தேயிலைக்கு அமிலம்தானே பிடிக்கும், பிறகு ஏன் டொலமைட் போடச் சொல்கிறார்கள்?
வாசகர், பதுளை

பதில்: தேயிலைக்கு அமிலம் பிடிக்கும், ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. அதன் இடம் 4.5 முதல் 5.5 வரை. வருடக் கணக்காக நைதரசன் பசளை போட்டுக்கொண்டே வந்தால் மண் அதற்கும் கீழே இறங்கி, மக்னீசியமும் பொட்டாசியமும் கழுவுண்டு போய், கொழுந்து குறையும். உங்கள் 4.1க்கு டொலமைட் தேவைதான்.

தேயிலையில் இது கவ்வாத்தோடு, அதாவது செடியை வெட்டிக் குறைப்பதோடு, சேர்ந்த வேலை. ஒரு கவ்வாத்துச் சுற்றுக்கு ஒரு தடவை, கவ்வாத்துக்குச் சில வாரம் முன்பே தூவிவிட வேண்டும். வெட்டி விழும் மிலாறு அதை மூடி, மழையில் ஓடாமல் காக்கும். நைதரசன் பசளைக்கும் இதற்கும் நடுவே ஆறு வாரமாவது இருக்கட்டும். அளவை மண் அறிக்கையைப் பார்த்து தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் சிபாரிசுப்படிதான் தீர்மானிக்க வேண்டும். மரக்கறிக் காணிக்கு நாங்கள் சொன்ன கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். 5.5ஐத் தாண்டிய மண்ணில் தேயிலை மஞ்சளித்துச் சோர்ந்துவிடும், அதைத் திரும்ப இறக்குவது ஏற்றுவதைவிடக் கஷ்டம்.

கேள்வி: அடுப்புச் சாம்பல், முட்டைக் கோது, ஜிப்சம் இவை டொலமைட்டுக்குப் பதிலாகுமா?
வாசகி, மஸ்கெலியா

பதில்: விறகுச் சாம்பல் ஓரளவுக்கு ஆகும், பொட்டாசியமும் தரும். சலித்து, மழை படாமல் வைத்த சாம்பலாக இருக்க வேண்டும். நனைந்த சாம்பலில் பொட்டாசியம் போய்விடும். நாற்றின் அடியில் குவிக்காதீர்கள். குப்பை, பிளாஸ்டிக் எரித்த சாம்பல் வேண்டவே வேண்டாம். முட்டைக் கோதைக் காயவைத்து மாவாக இடித்தால் பலன் உண்டு, ஆனால் ஒரு பேர்ச்சுக்கே 5 கிலோ சேர்க்க எத்தனை முட்டை வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். ஜிப்சம் கல்சியம் தரும், பி.எச்.சை ஏற்றாது.

கேள்வி: டொலமைட் நல்லதென்று மூன்று போகம் தொடர்ந்து போட்டேன். இப்போது பீட்ரூட்டை வெட்டினால் உள்ளே கறுப்பு. குருத்திலைகளும் கருகுகின்றன. பி.எச். 7.2.
வாசகர், கந்தப்பளை

பதில்: போரன் குறை. மண் காரப் பக்கம் சாயச் சாய போரன், நாகம் (சிங்க்), மங்கனீசு, இரும்பு எல்லாம் செடிக்குக் கிடைப்பது குறையும். அதில் முதலில் முகம் வாடுவது பீட்ரூட்தான். கோலிபிளவரின் தண்டு உள்ளே வெறுமையாவதும் இதே குறையால் வரலாம்.

டொலமைட்டை நிறுத்துங்கள். அடுத்த இரண்டு போகத்துக்கு நைதரசனை அமோனியம் சல்பேட்டாகக் கொடுத்து, மட்கிய எருவையும் சேர்த்து, எண் 6.5க்கு இறங்கும் வரை காத்திருங்கள். இப்போதைக்கு ஒரு பேர்ச்சுக்கு 25 கிராம் போராக்ஸ் போதும். அவ்வளவு சிறிய அளவைக் கையால் சமமாகத் தூவ முடியாது. பத்து லீட்டர் தண்ணீரில் கரைத்துப் பூவாளியால் அந்தச் சதுரம் முழுக்க ஊற்றுங்கள், அல்லது ஒரு வாளி உலர்ந்த மணலில் கலந்து தூவுங்கள். இரண்டாம் தடவை போடுமுன் மண்ணைப் பரிசோதியுங்கள். போரனில் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறிது. அடுத்து அந்தத் தட்டில் போஞ்சி போடும் எண்ணமிருந்தால், கூடிப்போன போரனை முதலில் காட்டிக்கொடுப்பது அதன் இலையோரம்தான்.